அக்கி எழுதிய பக்கம்

சீட்டில்: உத்திராபதி, ஆண், எழுபத்திரண்டு.
"முன்னாடி அம்மை கிம்மை வந்திருக்கா?"
டாக்டர் ஷமீமா கேட்டதும் நான்தான் பதில் சொன்னேன்.
சொல்ல வேண்டியவர்
திருவாரூர் ஆஸ்பத்திரி மின்விசிறியை
எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்து வயதில் அம்மை.
மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்து
தலைக்குத் தண்ணீர் ஊற்றி
"ஆத்தா இறங்கிட்டா" என்று
வேப்பிலையை அரிச்சந்திரா ஆற்றில் விட்டார்களாம்.
இறங்கியவள் எங்கே போனாள் என்று
யாரும் கேட்கவில்லை.

அறுபத்தெட்டில் அக்கி.
வலப்பக்க விலாவில் முத்து முத்தாய்,
சட்டை பட்டால் அலறுவார்.
வேளார் வந்து காவிமண் குழைத்து
கோழி இறகால் சிங்கம் ஒன்று எழுதினார்.
வால் கொஞ்சம் கோணல்.
குளித்த அன்றே சிங்கம் போனது.
எரிச்சல் போக எட்டு மாதம்.

"அதே கிருமிதாம்மா.
நரம்பு வேர்ல ஒளிஞ்சு படுத்திருக்கும்.
உடம்பு அசந்தா எழுந்திரிக்கும்."
"அப்ப, இவரு மறதிக்கும் அதுதானா?"
"இருக்கலாம். ஆராய்ச்சி நடக்குது.
சர்க்கரை இருக்கு, வயசு இருக்கு,
இதுதான்னு கை காட்ட முடியாது."
இருக்கலாம்.
அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு
தலைஞாயிறு பஸ்ஸில் ஏறினேன்.

கோரையை எனக்குத் தெரியும்.
கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும்.
உள்ளே கறுப்பு மணியாய்க் கிழங்கு படுத்திருக்கும்.
தண்ணீர் வந்த ஏழாம் நாள்
நாற்றுக்கு முன்னால் தலை நீட்டும்.
ஆனாலும் வெள்ளாமை கெட்டது கோரையால்தான் என்று
எவன் சத்தியம் செய்வான்?
புகையான் உண்டு, உப்பு உண்டு,
கடைமடைக்கு வந்து சேராத முறைத் தண்ணீர் உண்டு.

முப்பத்தொரு வருஷம் லஸ்கர்.
எந்த ஷட்டரை எத்தனை சுற்றுத் திருகினால்
எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு போகும் என்று
கைக்குத் தெரியும்.
இப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
மூடத் தெரியாமல் நிற்கிறார்,
தண்ணீர் கணுக்காலைத் தாண்டுவதைப் பார்த்தபடி.

தூக்கத்தில் மட்டும் அளவு தப்பவில்லை.
"மூணு அடி நாலு அங்குலம். எழுதிக்க."
யாரிடம் சொல்கிறாரோ.
நான் எழுதிக்கொள்கிறேன்,
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

எனக்கும் ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்தது.
டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.
அக்கி வராமல் இருக்க ஊசி இருக்கிறதாம், இரண்டு தவணை.
விலையைக் கேட்டுக்கொண்டு
"அப்புறம் வர்றேம்மா" என்று எழுந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி முதுகில் சுருக்கென்றது.
அவர் தூக்கம் கலையாமல்
செல்போன் வெளிச்சத்தில், கண்ணாடியில்,
ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன்.
கொசு.
வெளிச்சத்தை அணைத்த பிறகும்
விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.