கதவு பூட்டியிருந்தது

தம்புச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
நாலு ஜூனியர்களுக்கு ஒரே பாஸ்வேர்டு.
நான் உள்ளே போனால் பிரேம்நசீர் வெளியே விழுவான்.
அதனால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான்
எனக்குச் சட்டம் திறக்கும்.

நாளைக்கு ஜெசிந்தா வழக்கு.
ராயபுரம் கல்மண்டபம் பக்கம்
எட்டடிக்கு ஆறடி தையல்கடை.
காலி செய்யச் சொன்ன பதிவுத் தபால் திரும்பி வந்தபோது
அதன் முதுகில் இரண்டே சொல்:
கதவு பூட்டியிருந்தது.
தபால்காரர் பொய் எழுதவில்லை.
பத்தொன்பது நாள் அவள்
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
புருஷனுக்கு மூத்திரப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

பூட்டிய கதவுக்குச் சொன்னது
அவளுக்குச் சொன்னதாகுமா?

முதலில் ஆளிடம் கேட்பதுபோல்
முழு வாக்கியமாகக் கேட்டேன்.
நாற்பத்தோராயிரம் தீர்ப்புகள் கொட்டின.
செக் பவுன்ஸ், விவாகரத்து, சுங்கவரி,
பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு கொலைகூட.
மேற்கோள் குறிக்குள் அடைத்தேன்,
இரண்டு சொல்லும் கைகோத்தே வரவேண்டுமென்று.
இரண்டாயிரம்.
காசோலை வேண்டாம் என்றேன்.
வேண்டாம் என்பதை யோசித்துத்தான் சொல்லவேண்டும்.
காசோலையைப் போகிறபோக்கில் தொட்ட
நல்ல தீர்ப்பும் அதோடு வெளியேறிவிடும்.
திருப்பி எடுத்துவிட்டு
கடைக்காரரும் நோட்டீசும்
பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும் என்றேன்.
எவிக்ட்டின் வாலை நறுக்கி நட்சத்திரம் வைத்தேன்,
காலி செய்தது, செய்வது, செய்யப்போவது
எல்லாம் வரட்டும் என்று.
சென்னை மட்டும்.
பதினேழு.

பதினேழும் கட்டட உரிமையாளர் பக்கம்.

கீழே மசாலா பால் கடை ஷட்டரை இறக்கினான்.
கடைசி ரயிலுக்கு நாற்பது நிமிஷம்.
சீனியர் போனில் சொன்னது நினைவிருந்தது:
"எழுபதுகள்ல ஒண்ணு இருக்கு, ஆஸ்பத்திரி வரும்,
பேரு மறந்துட்டேன், பாரு."
பார்த்தேன். ஆஸ்பத்திரி, நோட்டீஸ், சர்வ்டு.
பூஜ்யம்.
பூஜ்யம் வந்தால் சட்டம் இல்லை என்று அர்த்தமில்லை,
என் சொற்களில் ஏதோ ஒன்று அதிகம்.
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
சர்வ்டைக் கழற்றியதும்
வந்து நின்றது, ஆறு பத்தி, ஒன்றரைப் பக்கம்.

ஏன் ஒளிந்திருந்தது என்று படித்தபோது தெரிந்தது.
பழைய தாளை ஸ்கேன் செய்த இயந்திரத்துக்கு
ஆரும் வியும் ஒட்டிக்கொண்டு
டபிள்யூ ஆகியிருந்தது.
வாடகைக்காரருக்கு நோட்டீஸ் சார்பு செய்யப்படவில்லை
என்று நீதிபதி சொன்னது
வாடகைக்காரருக்கு நோட்டீஸ் தைக்கப்படவில்லை
என்று கிடந்தது.

அந்த அறையில் தனியாகச் சிரித்தேன்.
பிறகு வேண்டுமென்றே தப்பாகத் தேடினேன்.
தைத்த சம்மன், தைத்த நோட்டீஸ்,
ஊரெல்லாம் யார்யாருக்கோ தைத்திருந்தார்கள்.
பாதி நிஜமாகவே கார்மென்ட்ஸ் கம்பெனி வழக்கு.
இரண்டு உதவும்.
சிவப்புக் கொடி இருக்கிறதா என்று பார்த்தேன்.
மஞ்சள்தான். பின்னால் வந்த ஒரு நீதிபதி
சங்கதிகள் வேறு என்று ஒதுங்கிப் போயிருந்தார்.
ஒதுங்கினார், இடிக்கவில்லை.
ரயில் போய்விட்டது.

சிறுவழக்குகள் நீதிமன்றம், வரிசையில் நாற்பத்து மூன்று.
நீதிபதி ஆறாம் பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார்:
"தைக்கலையாமே, என்ன மேடம் இது?"
எதிர்த்தரப்பு உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.
ஆரையும் வியையும் பிரித்துக் காட்டினேன்.
"மூல அறிக்கை கொண்டு வாங்க" என்றார்.
வாய்தா, இருபத்தெட்டாம் தேதி.
அதுவரை கடை அவளுக்கு.

படிக்கட்டில் ஜெசிந்தா கேட்டாள்.
நோட்டீசைப் பற்றி அல்ல.
காலையில் கேட்டில் பையைச் சோதித்த போலீஸ்
எடுத்து வைத்துக்கொண்ட கத்தரிக்கோல்
அது எந்த மேசையில இருக்கும், யாரைக் கேட்கணும்,
என்னன்னு சொல்லிக் கேட்கணும் என்று.