தகரத்தில் ஒரு ஓட்டை

கீழமாரட் வீதி வெங்காய மண்டிக்குள்
பதினொன்றே காலுக்கு வெயில் இறங்கும்.
கூரைத் தகரத்தில் ஓட்டை,
ஆள் தலை நுழையும் அளவு.
பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கையில்
தராசைத் தாண்டிச் சுவரில் ஏறி
மெலிந்து போய்விடும்.
அந்த நாற்பது நிமிடத்துக்காக
மூன்று வியாழக்கிழமை வந்திருக்கிறேன்.

வெளிச்சத்தை அளந்தேன். இருட்டை அளந்தேன்.
இடையில் எட்டு ஸ்டாப்.
கேமராவின் முதுகில் வரைபடம்:
இந்தப் பக்கம் யானைமலை, அந்தப் பக்கம் நாகமலை,
நடுவில் மதுரையே இல்லை.

ஒன்றை விட்டால்தான் ஒன்று.
மூட்டையின் சணல் இழை வேண்டுமென்றால்
சுமப்பவர் முகம் போகும்.
முகம் வேண்டுமென்றால்
சணலும் தோளும் சுண்ணாம்பாய் வெந்துபோகும்.
முகத்தை விட்டேன்.
யோசித்து விட்டேன் என்று சொல்ல மாட்டேன்,
விரல் தானாகத் திருகியது.

தூசியில் நின்ற வெயில் தூணுக்குள்
மொக்கச்சாமி நுழைந்து வெளியேறினார்.
தோளில் வெள்ளிக் கோடு,
காதுமடலில் ரத்தச் சிவப்பு,
மூட்டைக்குக் கீழே யாருமில்லாத கறுப்பு.
முப்பத்தேழாவது படம்.
அதுதான் என்று தெரிந்தது.

மூட்டையைச் சாய்த்துவிட்டு வந்து பார்த்தார்.
அழுக்கென்று நினைத்துத்
திரையைத் துண்டால் துடைத்தார்.
"எம் மூஞ்சி எங்கிட்டுப் போச்சு தம்பி?"
நிழல் என்றேன்.
"நெழலா. சரி.
அந்த ஓட்டைய எடுத்தீகளா?"

போன ஐப்பசியில் பன்னிரண்டு மூட்டை
நனைந்து முளைவிட்டதாம்.
அழுகலைச் சுமந்து கொட்டக் கூலி கிடையாதாம்.
ஓனர் திருநகரில் இருக்கிறார்,
கூரையை நிமிர்ந்து பார்க்கிற ஆளில்லை.
"போட்டோவாக் காமிச்சா நம்புவாரு."

மூன்று வாரமாக நான்
தூண் என்று குறித்து வைத்திருந்தது
இவர்களுக்கு ஒழுகல்.

மண்டியிட்டு அண்ணாந்தேன்.
அகல லென்ஸை மாற்றவில்லை.
வானத்துக்கு அளந்தேன்.
துரு தின்ற விளிம்பு, ஆணி கழன்ற மடிப்பு,
காக்காய் கொண்டுவந்து போட்ட எலும்பு,
நடுவில் நீலம்.
மற்றதெல்லாம் கரி.
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது.

இரவு, சிம்மக்கல் அறையில்,
அந்தக் கரியைச் சும்மா தூக்கிப் பார்த்தேன்.
மணல் மணலாய்ப் புள்ளி,
ஊதா ஊதாவாய்ப் புள்ளி,
பிறகு ஓரங்களில் தாடைகள்.
சுற்றி நின்றிருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை.
மொக்கச்சாமி, கணக்கெழுதும் ஜெரினா,
சருகு உதிர்க்கும் இரண்டு பெண்கள்,
டீத்தூக்கோடு வந்த பையன்.
எல்லோரும் அண்ணாந்து,
வாய் கொஞ்சம் திறந்து.
எத்தனை மாதமாய்ப் பார்த்த ஓட்டை,
நான் பார்க்கிறேன் என்றதும்
இன்னொரு தரம் பார்த்திருக்கிறார்கள்.
அச்சுக்குத் தாங்காத படம்.
அழிக்கவில்லை.

அடுத்த வியாழன் போனேன்.
புதுத் தகரம்.
அதற்குக் கீழே ஒரு டியூப்லைட்.
பதினொன்றே காலுக்கு எதுவும் இறங்கவில்லை.
மொக்கச்சாமி மூட்டையோடு கடந்தார்,
முழு முகமும் தெரிய,
இடது புருவத்தை வெட்டிய தழும்பும் தெரிய.
பையின் ஜிப்பில் கை வைத்தபடி நின்றேன்.

"என்ன தம்பி,
இன்னிக்கு வெளிச்சம் பத்தலையா?"