மா ஆலையில் வெள்ளிக்கிழமை

காற்றே மாவாயிருக்கிற இடத்தில்
உபவாசம் இருந்து பார்த்திருக்கிறீர்களா?
சீனக்குடா ஆலையில், மூட்டை தைக்கும் மெஷினடியில்
மூச்சோடு உள்ளே போவது சாப்பாடா இல்லையா என்று
முதல் வெள்ளியே எனக்குச் சந்தேகம்.
இமையில் மா. காதுமடலில் மா.
தெரியாமல் உதட்டை நக்கிவிட்டு
களவெடுத்தவன்போல் மேலே பார்த்தேன்.
தகரத்தின் கீழே புறாக்கள்,
பறக்கவே பஞ்சிப்படுகிற
கொழுத்த ஆலைப் புறாக்கள்.

பத்து மணிக்குள் நாலு பேரிடம் சொல்லியாயிற்று
இன்றைக்கு நான் சாப்பிடவில்லையென்று.
ஐந்தாவது ஆள் கிண்ணியா நஸ்லிம்.
"அப்பிடியா" என்றான், நூல்கட்டையை மாற்றினான்.
அவனுக்கு அன்று ஆறாவது நோன்பு.
நான் கேட்டபிறகுதான் சொன்னான்.
பொழுதுபட அவனுடைய போனில் பாங்கு ஒலித்தது.
ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு
பாதியை என் பக்கம் தள்ளினான்.
கொட்டை அவன் பாதியில் இருந்தது.

காலையில் நாலே முக்காலுக்கு அலாரம்.
முழங்கால் சீமெந்தில்.
முதலில் வருவது ஆண்டவர் அல்ல, நித்திரை.
பிறகு தண்ணீர் பில்.
பிறகு, பின்மதிலில் போன மாரியில் விழுந்த வெடிப்பு.
வேதத்தில் நான் நிற்பது கூடாரம் அமைக்கிற இடம்:
இத்தனை முழம் திரை, இத்தனை கொளுவி, இத்தனை பாதம்.
எல்லாரும் தாண்டிப் போகிற பக்கங்களாம்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு மூட்டை எண்ணுகிறவனுக்கு
அது பிடித்திருக்கிறது.
கொளுவிகளையும் எண்ணி வைத்திருக்கிறார்
யாரோ ஒருவர்.

லெந்து தொடங்கும்போது இன்னொரு தீர்மானமும் எடுத்தேன்:
எர்வின் பார்த்தலட்டுக்காகத் தினமும் ஜெபிப்பது.
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், இரண்டு வருஷம்.
பாலையூற்றுச் சந்தியில் என்னைக் கண்டால்
அவனுக்குத் திடீரென்று போன் வரும்.
முதல் கிழமை: ஆண்டவரே, அவன் தந்துவிடட்டும்.
இரண்டாம் கிழமையும் அதுதான், கொஞ்சம் மரியாதையாக.
மூன்றாவதில் பெயரை மட்டும் சொன்னேன்.
பெயர், கடித்த பல்லு, ஆமென்.
சில நாள் ஆமெனும் இல்லை.
அலாரத்தை அமத்திவிட்டுப் படுத்த நாட்கள்
கலண்டரில் வெறுமையாய்க் கிடக்கின்றன,
பங்குனியில் மட்டும் ஒன்பது.

குருத்தோலை ஞாயிறு.
ஆராதனை முடிந்து டொக்யாட் வீதியில்
சைக்கிளைச் சாத்திவிட்டுப் பாண் வாங்கி வந்தால்,
கூடையில் வைத்த ஓலைச் சிலுவையைக்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று சப்பிக்கொண்டு நிற்கிறது.
குறுக்குத்தடி போய்விட்டது.
அதன் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை.
சிரித்துவிட்டேன்.
பிறகுதான் கண்டேன், எதிர்ப்பக்கம்
இன்னொருவனும் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறான்.
எர்வின்.
என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

இரண்டு வருஷமாய்த் தீட்டி வைத்த வசனம்
நெஞ்சில் இருந்தது.
வாயில் வந்தது வேறு:
"அம்மான்ர கால் இப்ப எப்பிடி?"

அவனுடைய அம்மாவுக்குச் சீனியால் கால்விரல் எடுத்தது
எனக்கு எப்படித் தெரியும்?
சைக்கிளில் வரும்போது யோசித்தேன்.
நாலாம் கிழமை, பெயருக்குப் பின்னால்
சொல்ல ஒன்றும் இல்லாமல்
யாரிடமோ விசாரித்திருக்கிறேன்.

காசு இன்னும் வரவில்லை.
இதை ஒருவரும் சாட்சி சொல்ல எடுக்கவேண்டாம்.
என் ஜெபத்தில் இப்போதெல்லாம்
சத்தமே இல்லையென்று சுகிர்தம் சொல்கிறாள்.
பாதி நேரம் நித்திரை, அவளுக்குச் சொல்லவில்லை.

உயிர்த்த ஞாயிறும் கழிந்தபின் ஒரு வெள்ளி.
மெஷின் ஓடுகிறது, உதட்டில் மா.
பத்து மணிக்குள்
இரண்டு பேரிடம்தான் சொன்னேன்.