நுரை

கிருலப்பனை. நாலாம் மாடி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
ஹைலெவல் வீதியின் ஹோர்ன் எல்லாம்
ஏசியின் முனகலுக்குள் கரைந்துவிடும்.
படங்களுக்கு நிறம் பார்க்கிறவள் நான்.
இம்முறை யுத்தப் படம்.

இரத்தம் கொஞ்சம் அழகாய் இருக்கட்டும் என்றார் டிரெக்டர்.
சிவப்பை இறக்கிப் பழுப்பைக் கூட்டி
நிழலுக்குள் நீலம் கசியவிட்டேன்.
தலையாட்டினார்.

படத்தில் பனைகள் உண்டு, தலையில்லாதவை.
அவிசாவளைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில்
ரெஜிபோமில் செய்து நட்டவை.
புறாக்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்தவை.
ஒன்று திரும்பி வரவில்லை,
அதற்கு எழுநூறு ரூபாய் தண்டம் கட்டினார்களாம்.
பிறகு ஒற்றைச் சப்பாத்து. சப்பாத்துக்குள் மழைத்தண்ணீர்.
தண்ணீருக்குள் நிலா.
அந்த நிலாவை நான்தான் வைத்தேன்.
பகல் இரண்டு மணிக்கு எடுத்த ஷொட் அது.

பின்னால், சோபாவில், திலகசிறி.
ஆலோசகர் என்று டைட்டிலில் பெயர் வரும்.
எந்தத் தோளில் எந்தப் பட்டி, துவக்கை எப்படித் தூக்குவது,
அதற்குத்தான் காசு.
மற்ற நாட்களில் நாரஹேன்பிட்டியில்
ஒரு ஆஸ்பத்திரி வாசலில்
வாகனங்களுக்குக் கை காட்டுகிறவர்.
கதவுக்கு முதுகு கொடுத்து உட்காரமாட்டார்.
முதல் நாளே சோபாவை இழுத்துத் திருப்பினார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தோராவது ஷொட்.
சாகிற பொடியனின் புருவத்தில்
ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து இருக்கிறது.
கம்ப்யூட்டர் பூச்சி. இறக்கைக்கு
மூன்று மஞ்சள் போட்டு வைத்திருந்தேன்.
டிரெக்டருக்கு போன் வந்து வெளியே போயிருந்தார்.
எது நல்லம், என்று சும்மா கேட்டேன்.

பூச்சி இல்லை நங்கி, என்றார்.
வாயில் நுரை இருந்தது.

நான் திரும்பவில்லை.
சயனைட்டா?

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.
இவரிடமும் சொல்லிப் பார்த்தேன்,
சனம் பிழையாய் விளங்கும் என்று விட்டுவிட்டார்.
பேஸ்ட் நுரை அது.
விடியக்காலை. கிணற்றடி. கையில் பிரஷ்.
கிட்டப் போய்க் குனிந்தேன், மணத்தது.
அன்றைக்கு நானும் அதே பேஸ்ட்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு உப்பும் கரியும்.
மனுசி வாங்கி வைக்கிற ட்யூப்
இறுகிப்போய்க் குப்பைக்குப் போகுமாம்.
மகளுக்கு முதன்முதல் பல் தீட்டிவிட்ட அன்று
பாத்ரூமிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்று
இன்றைக்கும் நினைவில்லை.
இப்போது அவளுக்குப் பதினெட்டு.
கதவைப் பூட்டிக்கொண்டுதான் தீட்டுவாள்.

எந்த ஊர்? எந்த வருசம்?
தொண்டை வரை வந்தது.
என்னிடமும் ஒரு கணக்கு இருக்கிறது,
ஒரு ஊர்ப்பெயர், ஒரு திகதி, ஒரு விடியக்காலை.
அவருடையதையும் என்னுடையதையும்
பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க
இந்த அறைக்குள் இடம் போதாது.
மவுஸை நகர்த்தினேன்.
மஞ்சள் கொஞ்சம் கூடிற்று.

பேசியதெல்லாம் சிங்களத்தில்.
அவருக்குத் தெரிந்த தமிழ் ஐந்து சொல்:
நில். இரு. போ. கையைத் தூக்கு. பயப்படாதே.
கடைசியைத்தான் கூடுதலாய்ச் சொன்னேன் என்பார்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

இன்று ஆறாவதைக் கேட்டார்.
பேஸ்டுக்குத் தமிழில் என்ன?
பற்பசை.
பட்பச, என்றார். இன்னொருதரம், மெதுவாக,
பட்பச.
வீட்டில் நாங்களும் பேஸ்ட் என்றுதான் சொல்கிறோம்.
அதை ஏன் சொல்லாமல் விட்டேன், தெரியாது.

டிரெக்டர் வந்து
இரண்டாவது மஞ்சளைத் தொட்டுக் காட்டினார்.
பூச்சி இறக்கையை மடித்தது. விரித்தது.
அதற்குக் கீழே
துடைத்து வைத்தமாதிரி ஒரு வாய்.