சொல்வழி கேளாமை

வறுத்த கச்சானின் நிறம்.
எட்டுக் கிழமைக் குட்டி,
ஒரு பிளாஸ்ரிக் கூடைக்குள் வந்து சேர்ந்தது.
கச்சான் என்றே பேரும் வைத்தேன்.
பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது
நிரோஜினி சொன்னாள்:
"அண்ணை, இது உங்கட நாயில்லை.
ஒரு வருசத்துக்குத்தான். வடிவா ஞாபகம் வையுங்கோ."

ஓட்டோவில் என் இடதுகாலோரம் அதற்கு இடம்.
அரியாலையில் ஏறியவர்கள்
ஆஸ்பத்திரி வீதி வரும்வரை கேட்டார்கள்:
"கண் தெரியாத ஆக்களுக்கு நாயோ?
ஒரு பொடியனைப் பிடிச்சு விடலாமே."
பொடியன் கனடாவுக்குப் போயிடுவான்,
நாய் போகாது
என்று சொல்லியிருக்கலாம்.
அவர்கள் இறங்கிய பிறகுதான் எனக்கு அது வந்தது.

பழக்க வேண்டியவை என்று நாலு பக்கம் தந்திருந்தார்கள்.
படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, குடை விரிகிற சத்தம்.
அந்தத் தாளில் இல்லாதவை எனக்குத் தெரியும்:
பாசையூர்ச் சந்தையின் வழுக்கும் தரை,
அதில் கிடக்கும் திருக்கைவால்,
மூடி களவுபோன வாய்க்கால்,
கஸ்தூரியார் வீதியின் ஏழு கட்டாக்காலி நாய்கள்,
கோயில் வெடி.

வெடிக்குக் குட்டி நடுங்கவில்லை.
நடுங்கியது நான்.
என் முழங்காலை ஒருதரம் முகர்ந்து
அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டான்,
"நாய்க்கு அரை ரிக்கற்றோ, முழு ரிக்கற்றோ?"
"படிக்கிற பிள்ளை தம்பி, சீசன் எடுக்கும்" என்றேன்.
அன்றைக்கு மட்டும் எனக்கு நேரத்துக்குப் பதில் வந்தது.

இரு என்றால் இருந்தது. வா என்றால் வந்தது.
எட்டாம் மாதம் நிரோஜினி வேறு பாடம் கொண்டுவந்தாள்:
வாகனம் வந்தால்,
'போ' என்று சொன்னாலும் போகக் கூடாது.

அம்மா, வாத்திமார்,
துவக்கு வைத்திருந்த ஒவ்வொருத்தர்,
எல்லாரும் சொன்னபடி நடந்தவன் நான்.
போ என்றார்கள், போனேன்.
இரு என்றார்கள், வெயிலில் குந்தியிருந்தேன்.
எனக்கே வராத பாடம்.

மச்சான் கிருபாகரன் என் ஓட்டோவை எடுத்து
எஞ்சினை நிப்பாட்டி, உருட்டிக்கொண்டு வருவான்.
நான் கண்ணை மூடிக்கொண்டு 'போ' என்பேன்.
பத்து நாள் சொன்னபடி போனது.
இரண்டு தரம் என் முட்டி உரசியது.
பதினோராம் நாள் என் காலுக்குக் குறுக்கே நின்றது,
மதில் மாதிரி.
போ என்றேன்.
போடா நாயே என்றேன்.
அசையவில்லை.
"ஏன்ரா சிரிக்கிறாய்?" என்று கேட்டான் கிருபா.

திருப்பிக் கொடுத்த நாளைப் பற்றி
எழுத ஒன்றுமில்லை.
செம்மஞ்சள் சட்டையைக் கழற்றிய இடத்தில்
மயிர் அமுங்கிக் கிடந்தது.

ஏழு மாதம் கழித்து, பெரியகடைப் பக்கம்,
பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிப்பாட்டி
முடக்கில் உருட்டிக்கொண்டு வருகிறேன்.
றோட்டோரம் மரிய கொறெற்றி,
குருநகர்ப் பெண்,
ஆஸ்பத்திரியில் ரெலிபோன் எடுக்கிறவள்.
கையில் பிடிவார்.

'போ' என்றாள்.
கச்சான் குறுக்கே நின்றது.

இரண்டு முழம் தள்ளி என் முன்சில்லு நின்றது.
வால் அசைந்தது, ஒரேயொரு தரம்.
தலை திரும்பவில்லை.

"ஆரது, சத்தமில்லாமல் வாறது?
கண் தெரியாதே உமக்கு?"

நான் வாய் திறக்கவில்லை.
குரல் கேட்டால் அதன் வேலை கெட்டுப்போகும்.
அவர்கள் கடந்து, புடவைக்கடை தாண்டி,
சனத்துக்குள் போகும்வரை
இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தபடி இருந்தேன்,
அதைக் காலால் பிடிப்பதுதான் வழக்கம் என்பதையும் மறந்து.

அன்றிலிருந்து
எனக்குப் பெற்றோல் கொஞ்சம் கூடத்தான் போகிறது.