எண்பத்தொரு கிலோ

சர்ச் தெருவின் அடகுக்கடையில்
இருநூற்று முப்பது ராண்டுக்கு வாங்கினேன்.
மலை சைக்கிளின் முன் ஃபோர்க்.
தொண்ணூற்று நான்கில் செய்தது.
தோள் ஊதா நிறம், கால்கள் இரண்டும் கறுப்பு.
கையால் அழுத்தினேன். அசையவே இல்லை.
‘பார்த்தீர்களா, என்ன உறுதி!’ என்றான் கடைக்காரன்.
நான் பத்தொன்பது வருடமாக அரசு மருத்துவமனையில்
முழங்கால்களை எக்ஸ்ரே எடுப்பவள்.
மடங்காத காலை உறுதி என்று
எந்த டாக்டரும் எழுதிப் பார்த்ததில்லை.

நார்த்டேல். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள்.
கரண்ட் எட்டு மணிக்குப் போகும் என்றது ஃபோன்.
இரண்டு நிமிடம் முன்பே போனது.
நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு
அடி போல்ட்டைத் திருகினேன்.
காலை உருவியதும் ஒரு வாடை:
பூட்டிய காருக்குள் கோடை முழுக்கக் கிடந்த மிட்டாய்.
உள்ளிருந்த ரப்பர் உருளைகள்
பாகுப் பதம் தாண்டி ஒழுகியிருந்தன.
தயாளன் டீ கலக்கும் கரண்டியின் காம்பால்
சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

மஞ்சள், மஞ்சள், கீழே ஒரே ஒரு சிவப்பு.
மஞ்சள் மெத்தென்றிருக்கும், சிவப்பு இறுக்கம்.
ஆளின் எடை பார்த்து அடுக்குவார்கள்.
அப்படியானால் எனக்கு முன் ஓட்டியவர்
ஐம்பத்தெட்டு, மிஞ்சினால் அறுபது.
பெயர் தெரியாது, முகம் தெரியாது,
உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் தெரியும்.
என் வேலையும் அதுதானே.

இனி ரப்பர் வேண்டாம், எஃகு ஸ்பிரிங் போதும் என்று
ஜோகன்னஸ்பர்க்குக்கு எழுதினேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: ஓட்டுபவர் எடை.
எழுபது.
பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

புது சீல். புது ஆயில்,
அதன் எடை டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது, பாவம்.
வட்டக் கிளிப் தெறித்து ஃபிரிட்ஜின் அடியில் ஓடியது.
துழாவியதில் அதுவும் கிடைத்தது,
போன தீபாவளியின் முந்திரிப் பருப்பு ஒன்றும்.

ஞாயிறு, ஃபெர்ன்கிளிஃப் காடு, மூடுபனி.
முதல் வேர். டொக்.
இரண்டாம் வேர். டொக்.
ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கக்
காலில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை
உச்சிக்கே ஏறி உட்கார்ந்திருந்தது.
காட்டில் யாரும் இல்லை.
இருந்தாலும் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

வில்லோட்டனில் பெகியின் பட்டறை.
ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டினால் இறுகும்,
குறைந்த உயரத்துக்கு நைலான் கட்டை கடைந்து வைக்கலாம்.
எத்தனை சுற்று என்பது ஆளைப் பொறுத்தது.
பின்னால் பெஞ்சில் நான்கு பேர்,
தங்கள் பக்கியின் பிரேக் டிரம்முக்காகக் காத்திருந்தார்கள்.
லேத் அலறிக்கொண்டிருந்தது.
‘எத்தனை கிலோ?’ என்றான் பெகி.
முணுமுணுத்தேன்.
‘என்ன?’
இன்னொரு முறை.
காதில் கை வைத்துக் குனிந்தான்.
‘எண்பத்தொன்று!’ என்று கத்தினேன்,
அதே நொடியில் கரண்ட் போனது.

லேத் நெடுமூச்சு விட்டு நின்றது.
என் எண் மட்டும் தகரக் கூரையில் முட்டி
பட்டறையைச் சுற்றி வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.
பெஞ்சிலிருந்த படையாச்சி மெதுவாகத் தொண்டையைச் செருமி
‘நான் நூற்று நாலு’ என்றார்,
அவரை யாரும் கேட்காமலே.

பெகி சாக்கட்டியால் இரும்பு மேசையில் எழுதினான்: 81.
இருபத்தொரு சுற்றில் மூன்று போகட்டும் என்றான்.
இருட்டில் அரத்தால் கோடு கீறி,
வைஸில் இறுக்கி, ஒடித்தோம்.
படையாச்சி ஃபோன் வெளிச்சம் பிடித்தார்.

இப்போது ஏறி உட்கார்ந்தால்
நாலில் ஒரு பங்கு இறங்கி நிற்கிறது.
அவ்வளவுதான் இறங்க வேண்டும்.
வேர்கள் வருகின்றன, போகின்றன,
மணிக்கட்டு வரை வந்து செய்தி சொல்வதோடு சரி.

இடது கால் மட்டும் இன்னும்
ஒரு சொட்டு ஆயில் கசிகிறது.
வெள்ளிக்கிழமை திரும்பத் திறக்க வேண்டும்.
தயாளன் தனக்கென்று வேறு கரண்டி வாங்கி
அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறான்.