பார்த்தவர்கள்

உவர்மலையில் ஒரு வாடகை அறை,
இரண்டு போன், சார்ஜ் நிற்காத மடிக்கணினி.
இவ்வளவுதான் என் கம்பனி.

ஒரு பேக்கரி, ஒரு பல் வைத்தியர்,
கிண்ணியாவிலிருந்து இரவு லைவில் அபாயா விற்கும் ஜெஸீமா,
பிறகு நிலாவெளிப் படகுகள் இரண்டு.
எல்லோருக்கும் நானே வாய்.
பேக்கரிக்கு "நாங்கள் சுட்டோம்" என்பேன்,
பல்லுக்கு "நாங்கள் பிடுங்குவோம்" என்பேன்,
வலிக்காதென்று ஒரு சிரிப்பு முகமும் போட்டு.

படகுகள்தான் சிக்கல்.
கடல்ராசா ஜெறோமுடையது, அலைமகள் றெஜியுடையது.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
தகப்பன் விட்டுப்போன நாற்பது குதிரை இஞ்சின்
யாருக்கென்று தொடங்கி
ஒன்பது வருடமாய் முகம் பார்ப்பதில்லை.
இருவருக்கும் தெரியாது
இருவரின் பேஜும் ஒரே பெருவிரலில் ஓடுவது.

சீசன் தொடங்கியதும் சண்டையை நான்தான் மூட்டினேன்.
கடல்ராசா: "திமிங்கிலம் காட்டாவிட்டால் காசு வேண்டாம்."
கீழே அலைமகள்: "திமிங்கிலத்துக்கு அட்வான்ஸ் குடுத்திட்டீங்களோ?"
சனம் சிரித்தது. ஸ்காபறோவில் இருந்தெல்லாம் பகிர்ந்தார்கள்.
அல்கோரிதத்துக்குச் சண்டை என்றால் சர்க்கரைப் பொங்கல்.

வாசகம் எழுதித் தரும் செயலியும் வைத்திருக்கிறேன்.
"நீலச் சொர்க்கம் உங்களை அழைக்கிறது" என்று
எந்தக் கடலைக் கேட்டாலும் அதே வரி.
அண்ணனும் தம்பியும் எந்த இடத்தில்
நோகப் பேசுவார்கள் என்று அதற்குப் பிடிபடவில்லை.
எனக்குப் பிடிபடும்.
எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள், மெல்பேர்னில், பேசாமல்.

ஜூனில் அலைமகளின் இஞ்சின் நின்றது.
விடிந்தால் பதினொரு பேர் கரையில் நிற்பார்கள்.
நித்திரைத் தூக்கத்தில் றெஜியின் பேஜில் எழுதினேன்:
"எங்கட இஞ்சின் பழுது. அண்ணன்ட படகில போங்கோ.
அவர் கடல் அறிஞ்சவர்."
அண்ணன் என்ற சொல்லை றெஜி எனக்குத் தரவில்லை.

காலையில் நாலாயிரத்து முந்நூறு பார்வை.
ஜெறோம் பதினொரு பேரையும் ஏற்றிப் போனார்,
திரும்பி வந்து ஒரு குரல் செய்தி:
"பிள்ளை, அவனுக்கு ஆரோ நல்லா எழுதிக் குடுக்கினம்.
ஆரெண்டு விசாரி. எங்களுக்கும் அந்த ஆளைப் பிடிப்பம்."

றெஜி ஏசுவார் என்றிருந்தேன்.
எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை,
பின்னால் கடலிரைச்சல்.
"அந்த நாலாயிரத்தில அண்ணர் இருக்கிறாரோ?"
எண்ணிக்கைதான் வரும், பெயர் வராது என்றேன்.
"பெயர் வாற மாதிரி ஒண்டும் இல்லையோ?"
ஸ்டோரி இருக்கு. ஒரு நாள்தான் நிற்கும்.
"அப்ப அதில போடு."
என்னத்தைப் போட?
"சும்மா கடலைப் போடு."

போட்டேன்.
புறாத்தீவுக்கு அப்பால் பதினைந்து நொடி வெறுங்கடல்.
பாட்டில்லை, விலையில்லை, ஹாஷ்டேக் இல்லை.

அன்றிரவு ஜன்னலுக்குக் கீழே ஒரு மான்
பல் வைத்தியரின் நோட்டீசை நின்று நிதானமாய்த் தின்றது.
நான் அச்சடித்த ஒரே கடதாசி விளம்பரம்.
கடைசி மூலைவரை போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

விடிய ஐந்துக்கு றெஜி
திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார்.
பார்த்தவர்கள் நூற்றிமூன்று.
ஒரு பெயரைச் சுற்றி விரலால் போட்ட கோணல் சிவப்பு வட்டம்.
கடல்ராசா.
கீழே: "பாத்திட்டார்."

நேற்றிரவு பதினொன்றரைக்கு
யாருடைய கணக்கில் நிற்கிறேன் என்று கவனியாமல்
பேக்கரிக் கேக் ஒன்றைத் தேடி
ஸ்டோரிகளைத் தட்டிக்கொண்டே போனது
என் பெருவிரல்.

பதில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.
அவர் பக்கத்தில் அந்த மூன்று புள்ளிகள்
நெடுநேரம் அசைந்திருக்கும்.